வெறிச்சோடிக் கிடக்கும் ஊர்த் திடலுக்கு ஆட்களைத் திரும்ப வரவைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. ஒரு நகராட்சி ஊரின் நடுவில், கடைத்தெருவுக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடையே 50 சென்ட் அளவில் ஒரு திடல். நாலு பக்கமும் கம்பிவேலி, ஒரே ஒரு கேட். உள்ளே பின்சுவர் வைத்த மேடை, ஓடாத நீரூற்று, முழுக்க பேவர் பிளாக் தரை, ஒரு ஹைமாஸ்ட் விளக்கு. மாலை ஆறு மணிக்குக்கூட பத்துப் பேர் இல்லை. இந்த ஆண்டு மறுபடி நிதி ஒதுக்கப்போகிறார்கள். என்ன கட்டச் சொல்லலாம்?

முதல் ஆறு மாதத்துக்கு எதையும் கட்டச் சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட திடல்களில் பெரும்பாலும் ஏதோ இல்லாததால் ஆள் வராமல் போவதில்லை. வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் நாலைந்து சமாச்சாரங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும். அவற்றை எடுப்பது, நிழலில் உட்கார இடம் தருவது, தினமும் ஒரு ஆளை அங்கே நிறுத்துவது ஆகிய மூன்றும் முக்கால்வாசி வேலை. கிரானைட்டும் சிலையும் வளைவும் அதற்குப் பிறகு, தேவைப்பட்டால்.

இது நன்றாகப் பதிவான இடம் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா. நகரின் மையத்தில், பொது நூலகத்தின் பின்புறம் இருக்கிறது. 1934-இல் அதைப் புதுப்பித்தபோது தெருமட்டத்தைவிட உயர்த்தி, சுற்றிலும் இரும்பு வேலியும் அடர்ந்த செடிவேலியும் வைத்தார்கள். இரைச்சலிலிருந்து ஒதுங்கிய அமைதி கிடைக்கும் என்பது எண்ணம். ஆனால் தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாமல் போயிற்று. 1970-களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் கைக்குப் போய்விட்டது. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர், பொது இடங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கேமரா வைத்து வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர். பூங்காவை மறைக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த யோசனையின் சாரம். 1980-இல் பூங்காவுக்கென்று தனி நிர்வாகம் அமைந்தது. 1988-இல் மூடி 1992-இல் மறுபடி திறந்தார்கள். செடிவேலியை நீக்கி, நுழைவுகளைக் கூட்டி, தின்பண்டக் கடைகள் வைத்து, கழிப்பறையைச் சீர்செய்து, இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிகளைப் பரப்பினார்கள். இன்று அந்த நகரத்தில் ஆள் நெருக்கம் மிகுந்த பூங்காக்களில் அதுவும் ஒன்று.

நம் ஊரிலேயே பார்க்க வேண்டுமென்றால் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு மாலை ஐந்தரை மணிக்குப் போங்கள். குளத்தைச் சுற்றி ஓடும் உயரம் குறைந்த கல்சுவர் முழுக்க ஆட்கள். எதிரே தண்ணீரும் மைய மண்டபமும், முதுகுப் பக்கம் தெருவும் தள்ளுவண்டிகளும். அங்கே யாரும் பெஞ்சு போடவில்லை. உட்காரும் உயரத்தில் ஒரு சுவர், பார்க்க ஏதோ ஒன்று, கையில் சுண்டல். அரசமரத்தடி மேடையும் தேரடிப் படிக்கட்டும் வேலை செய்வது இதே கணக்கில்தான்.

உங்கள் திடலில் தொடங்க வேண்டியது எண்ணிக்கையில். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு என மூன்று நாட்கள், காலை 6 முதல் இரவு 10 வரை, ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம் எண்ணினால் போதும். திடலை ஒட்டி நடந்து போனவர், உள்ளே புகுந்து கடந்தவர், நின்றவர், உட்கார்ந்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் போனவர், கடந்தவர் எண்ணிக்கைகளை ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வரும். உட்கார்ந்தவரையும் நின்றவரையும் பெருக்கக் கூடாது, அந்த நேரத்தில் இருந்த தலைகளை அப்படியே எழுதுங்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்களுக்குத் தனி வரிசை கட்டாயம். உட்காரும் இடத்தைத் தேர்வதில் பெண்கள் அதிகக் கவனமாக இருக்கிறார்கள் என்பது வைட் கண்டது. பெண்களின் பங்கு குறைவாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஊர்களில் இந்தக் கணக்கு ஒரே கதையைச் சொல்லும்: திடலை ஒட்டி மணிக்கு நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள், உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்கள். அப்படியானால் ஆட்களை எங்கிருந்தோ அழைத்து வர வேண்டியதில்லை. பக்கத்தில் போகிறவரை நிறுத்தினால் போதும்.

அதே நாட்களில் இன்னொரு வேலை. காலை 9, பகல் 12, மாலை 4, 5, 6 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் இல்லாமல் பெஞ்சு போடுவதால்தான் சிமென்ட் பெஞ்சுகள் வெயிலில் காய்கின்றன.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே நிலம் யாருடையது என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் நிலம் யாருடையது, எந்த வகை என்று காட்டும் அ-பதிவேடு, நகர்ப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு, கூடவே புல வரைபடம். ஒரே திடலில் ஒரு மூலை நகராட்சிக்கும் ஒரு மூலை நெடுஞ்சாலைத் துறைக்கும், சில ஊர்களில் ஒரு பகுதி கோயிலுக்கும் இருக்கும். கோயில் நிலமென்றால் அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்கூட நட முடியாது. நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அங்கே கட்டுமானம் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். இதைப் பாதி வேலையில் கண்டுபிடித்தால் திட்டம் நீதிமன்றத்தில் உட்கார்ந்துவிடும்.

இனி வேலி. இதில்தான் எதிர்ப்பு அதிகம் வரும். ‘வேலியை எடுத்தால் மாடு வரும், குடிகாரர்கள் வருவார்கள்’ என்பார்கள். குடிக்கிறவர்கள் வேலிக்குள்தான் இருக்கிறார்கள், மறைவு இருப்பதால். ஒரே கேட் உள்ள இடத்தில் தனியாக ஒரு பெண் போய் உட்கார மாட்டார், வெளியேற வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். முழுவதையும் ஒரே நாளில் பிடுங்க நகர்மன்றம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பேரம் பேசுங்கள். மக்கள் ஏற்கெனவே குறுக்கே போக நினைக்கும் திசைகளில், அதாவது கடைத்தெரு முனை, பேருந்து நிலைய முனை, பள்ளிப் பக்கம் போன்றவற்றில், ஒவ்வொன்றும் குறைந்தது 10 அடி அகலத்தில் நாலு திறப்புகள். கேட் வைக்காதீர்கள். கேட் இருந்தால் பூட்டு வரும், சாவி ஒருவரிடம் போகும், அவர் ஊரில் இல்லாத நாளில் திடல் மூடியிருக்கும். வேலி நின்ற அடிச்சுவர் முக்கால் அடி, ஒரு அடி உயரத்தில் இருந்தால் அதை இடிக்க வேண்டாம். ஒன்றரை அடிக்கு உயர்த்தி மேலே வழவழப்பான கல் பாவினால் தெருவைப் பார்த்து நீளமான திண்ணை கிடைக்கும்.

மேடையின் பின்சுவர் சாலைப் பார்வையை மறைக்கிறது என்றால் அதை எடுத்துவிடலாம். விழா நாளில் திரை கட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் முழு நீளத்துக்கு மூன்று படிகள் வைத்தால் விழா இல்லாத நாட்களில் மேடையே இருக்கை. நீரூற்றை உயிர்ப்பிக்கும் ஆசையை விடுங்கள். மோட்டார் காற்று வாங்கும், முனைகள் உப்பில் அடைக்கும், மின்கட்டணத்தைக் காரணம் காட்டி நிறுத்துவார்கள், தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடும். தொட்டியின் அடித்தளத்தை உடைத்து மண் நிரப்பி நடுவில் ஒரு மரம் வையுங்கள். தொட்டியின் விளிம்புச் சுவர் அநேகமாக உட்காரும் உயரத்தில்தான் இருக்கும். உங்கள் முதல் அரசமர மேடை அதுவே.

இருக்கைக்கு அளவு முக்கியம். உயரம் 40 முதல் 45 செ.மீ., ஒரு பக்கம் உட்கார ஆழம் 45 செ.மீ., இருபுறமும் முதுகோடு முதுகாக உட்கார 75 முதல் 90 செ.மீ. 60 செ.மீ. ஆழத்தில் கட்டுவது வீண், ஒருவருக்கு மிகை, இருவருக்குப் போதாது. நியூயார்க் 1975-இல் வைத்த விதி 30 சதுர அடிக்கு 1 அடி நீள இருக்கை. 50 சென்ட் என்பது 21,780 சதுர அடி. அந்தக் கணக்கில் சுமார் 725 அடி வரும். ஆளுக்கு 2 அடி வைத்தால் 360 பேர். முதல் ஆண்டு மூன்றில் ஒரு பங்கு, 240 அடி, போதும். திண்ணை, படி, மர மேடை எல்லாம் இதில் சேரும். கால்வாசி இருக்கைக்காவது முதுகுச்சாய்வும் கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க முடியாது, அதனால் உட்காரவே மாட்டார். பெஞ்சுகளை ரயில் நிலையம் மாதிரி ஒரே திசையில் வரிசையாகப் போடாதீர்கள். இரண்டைச் செங்கோணத்தில் வைத்தால் நாலு பேர் முகம் பார்த்துப் பேசுவார்கள். கறுப்புக் கடப்பாக் கல்லும் இரும்புப் பெஞ்சும் நிழலில் மட்டும்தான், வெயில் பட்டால் இரவு எட்டு மணிவரை சுடும்.

இதையெல்லாம் கட்டுவதற்கு முன் 80 பிளாஸ்டிக் நாற்காலி வாங்குங்கள். மாலை 4.30-க்கு வெளியே போட்டு 9.30-க்கு மேடைக்குக் கீழேயுள்ள அறையில் அடுக்க வேண்டும். சங்கிலி வேண்டாம், முதுகில் பெயிண்டால் எண் மட்டும். நாற்காலியை இரண்டு அடி நகர்த்திப் போட்டுக்கொள்ள முடிவதே ஒருவரை அங்கே தங்க வைக்கிறது. நிழலுக்குப் போகலாம், கூட்டாளியின் பக்கம் திரும்பலாம், அந்நியரிடமிருந்து சற்று விலகலாம். இரண்டு வாரம் கழித்து இரவு எடுத்து அடுக்கும் முன் நாற்காலிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று படம் எடுங்கள். நிலையான இருக்கை எங்கே கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வரைபடத்தை எந்தக் கட்டடக்கலைஞரும் தர மாட்டார். சில நாற்காலி காணாமல் போகும், சில உடையும். மாதம் ஐந்து என்று கணக்கில் எழுதிவிடுங்கள். எண்பது நாற்காலியும் சேர்ந்து ஒரு ஹைமாஸ்ட் விளக்கின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் வாகனங்கள் வராமல் சாலையை மூடியபோதும் இப்படித்தான் தொடங்கினார்கள். மலிவான மடக்கு நாற்காலிகளை நடுச்சாலையில் போட்டார்கள், நிரந்தரக் கட்டுமானம் பல ஆண்டு கழித்து வந்தது.

நிழலில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. குளிர்நாட்டுப் புத்தகங்கள் வெயில் படும் இடத்தில் இருக்கை போடச் சொல்லும், இங்கே அது தலைகீழ். நம் திடலின் உயிர்நேரம் மாலை 4.30 முதல் 9. அப்போது சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும். ஆகவே மரம் இருக்கைக்கு மேற்கே நிற்க வேண்டும். தலைக்கு மேல் கூரை போட்டும் மாலையில் முகத்தில் வெயில் அடிப்பது இதனால்தான். புங்கையும் வேம்பும் முதல் தேர்வு, கடலோரம் என்றால் பூவரசு. மகிழம் அருமையான நிழல், ஆனால் மெதுவாக வளரும், இடையிடையே வையுங்கள். மயில்கொன்றை (குல்மோகர்) வேண்டாம், கிளை முறியும். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றில் அது ஏராளம். மூன்றடி நீள, அகல, ஆழக் குழி, 8 அடி உயர நாற்று, மரத்துக்கு மரம் 20 முதல் 25 அடி இடைவெளி. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், செப்டம்பரில் நட்டால் வேர் பிடிக்கும். திறப்பு விழாவுக்காக ஏப்ரலில் நட்டது மே மாதமே காயும். முதல் கோடை முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மரத்துக்கு ஒரு குடம், ஒன்றரைக் குடம் தண்ணீர். வளர வளர 8 அடி உயரம்வரை பக்கக்கிளையை நீக்கிவிடுங்கள், கண் மட்டத்தில் மறைவு இருக்கக் கூடாது. மரம் நிழல் தர நாலைந்து ஆண்டாகும். அதுவரை பச்சை நிழல்வலையை 10 அடிக்கு மேல் இரும்புக் குழாயில் கட்டி, அக்டோபரில் கழற்றி வைக்க வேண்டும். கழற்றாமல் விட்டால் புயல்காற்று வலையோடு குழாயையும் சாய்க்கும். கீற்றுப் பந்தல் குளுமைதான், ஆனால் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் இடத்தில் போடக் கூடாது.

தரையில் இருக்கும் பேவர் பிளாக்கை முழுக்கப் பெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 5 அடிக்கு 5 அடி பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். அமுங்கிக் குளம் கட்டும் இடங்களில் கல்லை எடுத்துப் பார்த்தால் அடியில் இறுகாத மண்ணோ, வரம்புக்கல் இல்லாமல் ஒதுங்கிய மணலோ இருக்கும். ஜல்லிப் படுகையை இறுக்கி, 3 முதல் 4 செ.மீ. மணல் விரித்து, விளிம்பைக் கான்கிரீட்டில் கட்டி, மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. சரிவோடு திரும்பப் பதித்தால் போதும். நடப்பதற்கு 60 மி.மீ. தடிப்புக் கல், வண்டி ஏறும் இடத்தில் 80. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 12-க்கு 1 சரிவு, அதாவது அரை அடி உயரத்துக்கு 6 அடி நீளம்.

விளக்கு பற்றி ஒன்றே. ஹைமாஸ்ட் உயரத்திலிருந்து தலையில் கொட்டுகிறது, கண் கூசுகிறது, மரத்தடியோ கும்மிருட்டு. 12 முதல் 14 அடிக் கம்பங்களை 40 அடிக்கு ஒன்றாக, மஞ்சள் சாயல் எல்.இ.டி.யுடன் வையுங்கள். எதிரே வருபவரின் முகம் பதினைந்து அடியில் தெரிந்தால் வெளிச்சம் சரி.

தள்ளுவண்டிக்காரர்களை ‘அழகுபடுத்தல்’ என்று சொல்லி விரட்டியிருந்தால் அவர்களைத் திரும்ப அழைப்பதே பாதி உயிர். வண்டி நிற்கும் இடத்தில் வெளிச்சம், கண்காணிக்கும் கண், நிற்க ஒரு சாக்கு எல்லாம் சேர்ந்து வரும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்கள். 30 நாள் அறிவிப்பு இல்லாமல் யாரையும் இடம் மாற்றக் கூடாது என்பதும் அதே சட்டம். குழுவில் வைத்து எட்டு இடங்களைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வண்டிக்கு 6 அடிக்கு 4 அடி, முன்னால் வரிசை நிற்க 8 அடி. எல்லாம் ஓரத்தில், திறப்புகளை ஒட்டி, ஆனால் வழியை அடைக்காமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் இணைப்பு கொடுத்தால் ஜெனரேட்டர் இரைச்சல் இருக்காது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போக எண்ணெய்த் தடுப்புத் தொட்டியோடு ஒரு வாய்க்கால் அவசியம். இதை விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் மழைநீர்க் குழாய் அடைத்து நாற்றம் எடுக்கும், பழி வண்டிக்காரர் மேல் விழும். எட்டுமே பஜ்ஜி போட்டால் கூட்டம் ஏழு மணிக்குக் கலையும். காலையில் கூழும் இளநீரும், மாலையில் சுண்டலும் பூவும், இரவில் இட்லியும் என்று நேரம் பிரித்துக் கொடுங்கள்.

கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் அரை மணிக்கு மேல் இருக்க மாட்டார்கள். நூறு மீட்டருக்குள் ஒன்று, தண்ணீரும் தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ளதாக, திடல் திறந்திருக்கும் நேரம் முழுக்க. புதிதாகக் கட்டுவதற்கு முன் பேருந்து நிலையக் கழிப்பறையின் நேரத்தை நீட்டிக்கக் கேளுங்கள்.

வேலியை எடுத்த மறுநாளே பைக்குகள் உள்ளே வரும். 4 அடி இடைவெளியில் கல்தூண் நட்டால் கார், ஆட்டோ நுழையாது, பைக் நுழைந்துவிடும். பைக்கைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கினால் சக்கர நாற்காலியும் போக முடியாது. ஆகவே கடைத்தெருப் பக்கம் 40 வண்டி நிறுத்தக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே வருவதை ஆள் வைத்துத் தடுப்பதுதான் வழி.

அந்த ஆள்தான் இந்தத் திட்டத்தின் நடுத்தூண். நகராட்சி மதிப்பீடுகளில் எப்போதும் விட்டுப்போவதும் அவர்தான். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், மாலை 4 முதல் 10 வரை. நாற்காலி போடுவது, எடுப்பது, விளக்கு எரியாவிட்டால் அன்றே சொல்வது, குப்பைத் தொட்டி, கழிப்பறைத் தண்ணீர், மரத்துக்குத் தண்ணீர், பைக்கை இறங்கித் தள்ளச் சொல்வது. அவர்களுக்குச் சீருடையும், பொறியாளரிடம் நேரே பேசும் எண்ணும் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டுச் சம்பளத்தை ஒதுக்கிவிட்டு மீதியில் கட்டுமானம் என்று மன்றத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒன்று போட்டு இருக்கை, விளக்கு வேலைகளைச் செய்துகொள்ளலாம். சம்பளத்துக்கு வண்டி இடங்களின் கட்டணமும் வணிகர் சங்கத்தின் மாதப் பங்கும் தனிக் கணக்கில் வர வேண்டும். பொதுக் கணக்கில் சேர்ந்தால் அது திடலுக்குத் திரும்பாது.

நிகழ்ச்சி என்றால் ஆண்டுக்கு ஒரு பெருவிழா என்று நினைக்காதீர்கள், அதற்கு வந்தவர் மறுநாள் வர மாட்டார். ஒரே கிழமை, ஒரே நேரம், சிறியது. செவ்வாய் சிலம்பம், வியாழன் கிளை நூலகத்தின் புத்தக மேசை, சனி சதுரங்கமும் கேரமும். ஆறு பேர் வந்தாலும் எட்டு வாரம் நிறுத்தாமல் நடத்துங்கள். கட்சிக் கூட்டங்களுக்கு மாதம் இரண்டு நாள் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் சச்சரவு இருக்காது. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படியே கூடாது.

இரவில் அங்கே படுக்கிறவர்களைத் துரத்தப் பெஞ்சில் முள்ளும் கம்பியும் வைக்கும் யோசனை கட்டாயம் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது முதலில் பாட்டிகளைத்தான் துரத்தும். வேண்டாதவர்களை வைத்து ஒரு இடத்தை வடிவமைத்தால் மற்றவருக்கும் அது உதவாமல் போகிறது என்பதை வைட் திரும்பத் திரும்பச் சொன்னார். படுக்க இடமில்லாதவருக்கு நகராட்சியின் இரவுத் தங்குமிடத்தைக் காட்டுவது தனி வேலை, அதையும் செய்ய வேண்டும்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே கிழமை, அதே மணி, அதே கட்டங்களில் மறுபடி எண்ணுங்கள். ஆள் கூடி, பெண்கள் பங்கு கூடாவிட்டால் கழிப்பறையையும் விளக்கையும் பாருங்கள். பெண்கள் வந்தும் பத்து நிமிடத்தில் கிளம்பினால் இருக்கைச் சாய்வையும் மேற்கு வெயிலையும் பாருங்கள். ஏழு மணிக்குப் பின் சட்டென்று குறைந்தால் வண்டிகளின் நேரத்தைப் பாருங்கள். இந்த இரண்டு எண்ணிக்கையும் நாற்காலிப் படங்களும் கையில் வந்த பிறகு பொறியாளரிடம் போய், நிரந்தரத் திண்ணை எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று மதிப்பீடு போடச் சொல்லுங்கள்.